வரவு சொல்லும் பெட்டி

ஹார்பினில் அன்று மைனஸ் இருபத்தேழு.
கையுறையைக் கழற்ற மனமில்லாமல்
மூக்கு நுனியால் திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்த கைபேசி
வெளியே எடுத்தால் இரண்டு நிமிடம்தான் தாங்கும்.
அதற்குள் ஸ்கேன் பண்ண வேண்டும்,
காசு அனுப்ப வேண்டும்,
சூடு ஆறுமுன் கிழங்கைப் பிட்டுவிட வேண்டும்.

இரவெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிறவன் நான்.
காலையில் ஒரு கிழங்கு. எட்டு யுவான்.
தோங் குய்யுன் எண்ணெய்ப் பீப்பாயில் சுட்டுத் தருவாள்,
பதினோராம் எண் பேருந்து நிற்கிற இடத்தில்.
பீப்பாயின் கழுத்தில் கம்பியால் கட்டிய அட்டை,
அட்டையில் கறுப்பு வெள்ளைச் சதுரம்.
மூன்று மூலையில் மூன்று கண்.
நான்காவது மூலைக்குக் கண் கிடையாது.

காலடியில் ஒரு பெட்டி
செய்தி வாசிக்கிறவள் குரலில் சொல்லும்:
எட்டு யுவான் வரவு.

செவ்வாய்க்கிழமை அது சொல்லவில்லை.
"குளிரில் பேட்டரி செத்திருக்கும்" என்றாள்.
என் திரையில் பச்சை டிக் விழுந்திருந்தது. காட்டினேன்.
பார்க்காமலேயே தலையாட்டினாள்.

புதன்கிழமை
பெட்டிக்குக் கம்பளிக் காலுறை மாட்டி
பீப்பாயோரம் சாய்த்து வைத்திருந்தாள்
காய்ச்சல்காரரை வெயிலில் உட்கார வைத்ததுபோல்.
அப்போதும் பேசவில்லை.

வியாழக்கிழமை என் முன்னால் நின்றவள்
நகத்துக்கு வெள்ளிச் சாயம் பூசியிருந்தாள்.
காசு அனுப்பப் போனவள் நிறுத்திக் கேட்டாள்:
"அக்கா, உங்கள் பெயர் ஜுன்னா?"

திரையில் ஒரு நட்சத்திரம்.
பின்னால் ஒற்றை எழுத்து: ஜுன். படை என்று பொருள்.
மறைத்தது போக மிச்சம் காட்டுகிற பெயர்.
மூன்று நாளாய் எல்லோருக்கும் காட்டியிருக்கிறது.
எனக்கும் காட்டியிருக்கிறது.
மூக்கால் தட்டுகிறவன் எங்கே படிக்கிறான்.

கிழங்கு குத்துகிற கத்தியால் ஓரத்தை நெம்பினாள்.
ஒரு சதுரம் உரிந்து வந்தது.
அடியில் இன்னொரு சதுரம், அவளுடையது,
போர்வைக்குள் இருந்ததுபோல் புதுசாய்.

வரிசை அமைதியானது.
என் கணக்கில் குறைந்திருந்தது.
அவள் கணக்கில் கூடவில்லை.
தின்றது மட்டும் பத்திரமாய் என் வயிற்றில் இருந்தது.
கொடுத்தவனா நான், கொடுக்காதவனா?
நானும் மற்றவர்களைப்போல் கொஞ்ச நேரம்
பேருந்து வருகிறதா என்று பார்த்தேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் கத்தவில்லை.
உரித்த சதுரத்தைத் தொடையில் வைத்து நீவினாள்.
தன் கைபேசியை அதன்மேல் பிடித்தாள்.
தொகை: ஒரு ஃபென். அதற்குக் கீழே காசு இல்லை.
குறிப்பு எழுதும் இடத்தில்
கரி படிந்த விரலால், எழுத்துக்கு எழுத்து நின்று, எழுதினாள்:
மூன்று நாள். நூற்று நாற்பத்தொரு கிழங்கு.
நீ ஒன்றாவது தின்று பார்த்தாயா?
தோலோடு தின்றால்தான் ருசி.

அனுப்பிவிட்டு அடுத்த கிழங்கைப் புரட்டினாள்.

வெள்ளி நகக்காரியின் கைபேசி
அதற்குள் குளிரில் அணைந்துவிட்டது.
பேருந்து வந்தது. இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.
நான் கையுறையைக் கழற்றினேன்.
விரலால் தட்டினேன். இந்த முறை படித்தேன்:
இரண்டு நட்சத்திரம், பின்னால் யுன்.
மேகம் என்று பொருள்.
மூன்று எட்டு இருபத்து நான்கு.
திரை மங்குவதற்குள் அழுத்தினேன்.

காலுறைக்குள்ளிருந்து,
கம்பளியில் அமுங்கி, ஆனால் தெளிவாய்:
இருபத்து நான்கு யுவான் வரவு.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.
"அடப்பாவி" என்றாள்,
"இவ்வளவு நாளும் உயிரோடுதான் இருந்தாயா?"

பெட்டியைத்தான் கேட்டாள் என்று
நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.
விரல் மரத்துப் போயிருந்தது.